தானாக அணையும் கணினியும் சிம் லிம் ஸ்குவேரும்

ரோச்சோர் எம்ஆர்டி நிலையமும் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையமும் ஒரே டௌன்டவுன் பாதையில்தான் இருக்கின்றன. ரயிலில் போனால் இடையில் எட்டு நிலையங்கள். நடந்தால் பத்து நிமிடம் போதும். இந்த வேடிக்கையை அறியாத வட்டாரவாசி கிடையாது. இரண்டுக்கும் நடுவில், ரோச்சோர் கெனால் சாலை முதலாம் எண்ணில், 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர் நிற்கிறது. சிங்கப்பூரில் கணினி வைத்திருக்கும் குடும்பங்களில், ஒருமுறையாவது இதன் நகரும் படிகளில் ஏறாத குடும்பம் குறைவு.

நடுவில் திறந்த கூடம், அதைச் சுற்றி ஆறு மாடிகள். கீழ்மாடிகளில் கைப்பேசியும் கேமராவும் கண்ணாடிப் பெட்டிகளில் மின்னும். மேலே ஏற ஏற வெளிச்சம் குறைந்து, சாமான் கூடும். மின்விசிறிகள், கம்பிச் சுருள்கள், அட்டைப்பெட்டிக் கோபுரங்கள், திருப்புளியோடு குனிந்திருக்கும் மனிதர்கள். ஒரு காலத்தில் இங்குள்ள கடைகள் ஏ4 தாளில் விலைப்பட்டியல் அச்சடித்து வாசலில் அடுக்கி வைத்திருக்கும். அதில் பேனாவால் குறி போட்டுக்கொண்டு, ஐந்து வெள்ளி மலிவாகக் கிடைக்கும் கடைக்காக மாடி மாடியாக ஏறி இறங்குவது ஒரு தலைமுறை இளைஞர்களின் சனிக்கிழமைப் பொழுதாக இருந்தது.

பிறகு இணையக் கடைகள் வந்தன. சில வியாபாரிகள் செய்த ஏமாற்று வேலை 2014இல் ஊரெல்லாம் செய்தியாகி, நேர்மையாகத் தொழில் செய்தவர்களையும் பாதித்தது. 2019இல் கட்டடத்தையே மொத்தமாக விற்கப் பார்த்தார்கள். கேட்ட விலை 125 கோடி வெள்ளி. கைமாறவில்லை. கட்டடம் இன்னும் அங்கேயே இருக்கிறது. மேல்மாடிகளில் பழுது பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் அக்காவும் நானும் போனோம்.

அக்கா வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர். லிட்டில் இந்தியாவில் இரண்டு உணவகம், ஒரு மளிகைக் கடை, ஒரு பயண முகவர் என்று சில வாடிக்கையாளர்கள். ஜூன் மாதத்தோடு முடியும் காலாண்டுக்கான பொருள், சேவை வரிக் கணக்கை ஜூலை 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய மேசைக் கணினி தானாக அணையத் தொடங்கியது. எச்சரிக்கை கிடையாது, சத்தம் கிடையாது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று திரை கறுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். ஒருமுறை உணவகத்தின் கணக்குக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்ததில் அந்தக் கோப்பு திறக்க மறுத்தது. முந்தின நாள் இரவு எடுத்து வைத்த நகல் இருந்ததால் ஒரு நாள் வேலையோடு போயிற்று. அடுத்த முறையும் அப்படித் தப்பலாம் என்று யார் சொல்ல முடியும்?

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடையில் காட்டியபோது, கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். மதர்போர்டு போய்விட்டது, அதற்கேற்ற பிராசசரும் மெமரியும் இப்போது கிடைக்காது, மூன்றையும் சேர்த்து மாற்ற 780 வெள்ளி ஆகும் என்றார். பவர் சப்ளை? அதற்கென்ன, கணினி ஓடுகிறதே, அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மகள் ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு மடிக்கணினி வாங்கிய செலவின் சூடே அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. அதோடு, அந்தக் கணினி ஏழு ஆண்டுகளுக்கு முன் அத்தான் இதே சிம் லிம் ஸ்குவேரில் உதிரிபாகம் வாங்கித் தன் கையால் பூட்டியது. அத்தான் இப்போது இல்லை. அவர் குறி போட்ட விலைப்பட்டியல் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்தபடி கிடக்கிறது.

அக்காவின் வீடு பெண்டிமியர் பக்கம். காய்கறி வாங்கப் போகும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில், பழைய போர்வை சுற்றிக் கணினியை நிற்க வைத்தோம். பெண்டிமியரிலிருந்து ஜாலான் புசாருக்கு ஒரே நிலையம். வெளியே வந்து சுங்கை ரோடு பக்கம் நடந்தால், 1930களில் தொடங்கிய பழம்பொருள் சந்தை இருந்த இடம் வரும். 'திருடர் சந்தை' என்று ஊர் செல்லமாக அழைத்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துபோனது. பழைய ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் உட்கார்ந்த தரை அது. அதைத் தாண்டினால் சிம் லிம் டவர். கம்பி, சுவிட்ச், கெப்பாசிட்டர் என்று கையளவுப் பாகங்கள் விற்கும் கட்டடம். சாலையைக் கடந்தால் சிம் லிம் ஸ்குவேர். பழுதுபார்க்கும் தொழிலுக்கென்றே அமைந்த வட்டாரம் போலிருக்கும்.

மேல்மாடி ஒன்றின் மூலையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத கடை. அறுபது வயதிருக்கும் சீனர். எல்லாரும் 'அங்கிள்' என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். போர்வையை அவிழ்ப்பதற்கு முன்பே அவர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

"எப்படி அணைகிறது? நீலத்திரை வந்து அணைகிறதா, 'ஷட்டிங் டவுன்' என்று எழுதிக் காட்டிவிட்டு அணைகிறதா, பிளக்கைப் பிடுங்கினதுபோல் அணைகிறதா?"

"பிளக்கைப் பிடுங்கினதுபோல்," என்றார் அக்கா.

"உடனே பொத்தானை அழுத்தினால் எழுகிறதா? இல்லை, சுவர் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டுமா?"

"உடனே எழுந்துவிடும்."

இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதி வழி குறைந்துவிடும் என்றார் அவர். நீலத்திரை வந்தால் விண்டோஸ் ஏதோ ஒரு தவற்றைக் கண்டு தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். மெமரி, டிரைவர், வன்தட்டு என்று தேடலாம். முறையாக எழுதிக் காட்டி அணைந்தால் யாரோ, எதுவோ அணைக்கச் சொல்கிறது. மேல்மூடியில் உள்ள பவர் பொத்தான் ஒட்டிக்கொண்டாலும் அப்படி நடக்கும். பிளக்கைப் பிடுங்கினதுபோல் என்றால் மின்சாரம், சூடு, அல்லது எங்கோ ஒரு ஷார்ட். ஷார்ட் இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் விடும். உடனே எழுகிறதென்றால் ஒரு கணம் மட்டும் மின்சாரம் தடுமாறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

"எப்போதெல்லாம் அணைகிறது?"

பதிலுக்கு அக்கா கைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதிவைக்கும் அதே குட்டிப் புத்தகம். 19 நாளில் 23 முறை. தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று மூன்று பத்தி. கணக்கு எழுதுகிறவர் கை சும்மா இருக்குமா!

அங்கிள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புத்தகத்தை வாசித்தார். எழுத்து தமிழில் இருந்ததால் அக்கா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். 14 வரிகளில் 'பில் பிரிண்ட்' என்றோ 'பிரிண்ட் எடுத்தபின்' என்றோ இருந்தது. 6 வரிகளில் 'சும்மா இருந்தது'. மீதி 3 வரிகளில், இரவில் மகள் தன் பாடத்துக்காகக் காணொளி தொகுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரிண்டர்?"

"லேசர்."

"எங்கே சொருகியிருக்கிறது?"

"கணினி சொருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில்."

அவர் தலையை ஆட்டினார். "இந்த ஆறு? யாரும் பிரிண்ட் எடுக்கவில்லையா?"

அக்கா யோசித்தார். பிறகு மகளுக்குத் தொலைபேசி போட்டார். ஆறில் ஐந்து நேரங்களில் தன் அறையில் உட்கார்ந்தபடியே வைஃபை வழியாகப் பாடக்குறிப்புகளை அச்செடுத்ததை அவள் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். ஆறாவது நினைவில்லை என்றாள். "ஏன்மா, அது ஏதும் பிரச்சினையா?" என்ற கேள்வி ஒலிபெருக்கியில் கடை முழுக்கக் கேட்டது.

லேசர் பிரிண்டருக்குள் மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்ட ஓர் உருளை இருக்கிறது. அது 200 டிகிரி செல்சியசை ஒட்டிச் சூடாக வேண்டும். சூடேறும் சில நொடிகளில் பிரிண்டர் 1,000 வாட் வரைகூட இழுக்கும். அறை விளக்கு லேசாகச் சிமிட்டுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதே எக்ஸ்டென்ஷனில் இருக்கும் கணினிக்கும் அந்தத் தடுமாற்றம் போய்ச் சேரும்.

"அப்போ பிரிண்டர்தான் காரணமா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஏழு வருடம் இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தன? நல்ல பவர் சப்ளை இதைத் தாங்கும்," என்றார் அங்கிள். மின்சாரம் முழுதாக நின்றாலும்கூட, மேசைக் கணினியின் பவர் சப்ளை ஏறக்குறைய 16 மில்லி விநாடி தன் கையிருப்பிலேயே ஓட வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. அந்தக் கையிருப்பு உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் இருக்கிறது. சின்னத் தண்ணீர்த்தொட்டி மாதிரி. குழாயில் ஒரு கணம் தண்ணீர் நின்றாலும் தொட்டி கொடுத்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். இயங்கும் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் உள்ள கணக்கு. அக்காவின் கணினி இருந்தது மேற்கு வெயில் அடிக்கும் சன்னல் ஓரம், கதவு போட்ட மேசை அறைக்குள். தொட்டி சுருங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் பவர் சப்ளையை மாற்றிவிட்டுக் காசு வாங்கவில்லை. "இது ஊகம். இப்போதுதான் வேலை ஆரம்பம்," என்றார்.

முதலில் கணினியைத் தன் மேசையில் எழுப்பி, விண்டோசின் 'ஈவென்ட் வியூவர்' பதிவுகளைத் திறந்தார். வரிசையாக 'கெர்னல் பவர் 41'. இந்த எண்ணைப் பார்த்து நிறையப் பேர் பதறிப்போகிறார்களாம். அது காரணத்தைச் சொல்லும் எண் அல்ல. 'முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் எழுந்திருக்கிறேன்' என்று கணினி எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதற்குள் 'பக்செக் கோட்' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 0 இருந்தது. நீலத்திரைத் தவறாக இருந்தால் அங்கே வேறு எண் இருந்திருக்கும்.

அடுத்து சூடு. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் நிரலை ஓடவிட்டுக் கால்மணி நேரம் பார்த்தோம். 71 டிகிரியில் நின்றது. இந்த ரகப் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால்தான் அணையும். எனவே சூடு காரணமில்லை. மேல்மூடிப் பொத்தானின் கம்பியைக் கழற்றிவிட்டார். பொத்தான் குற்றவாளி என்றால் இனிமேல் அணையக்கூடாது.

பிறகு மெமரிச் சோதனை. நீலத்திரை வராததால் மெமரிமீது அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், "இதில் மற்றவர்களின் கணக்கு இருக்கிறது. மெமரி கெட்டிருந்தால் அணையாமலே எண்ணை மாற்றி எழுதும். அது இதைவிட ஆபத்து," என்றார். 'மெம்டெஸ்ட் 86' ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை அக்கா மரக்கறிதான் சாப்பிடுவார். சிம் லிம்மிலிருந்து சில நிமிட நடையில் வாட்டர்லூ ஸ்திரீட். 1870இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கம் பக்கமாக இருக்கும் தெரு. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றுவதை அங்கே தினமும் பார்க்கலாம். அக்கா வாசலில் நின்றபடியே கைகூப்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை. மிடில் ரோட்டில் மரக்கறிக் கடைகளுக்குப் பேர்போன ஃபார்ச்சூன் சென்டரில் ஆளுக்கொரு தட்டு மீ வாங்கிச் சாப்பிட்டோம்.

"780 கொடுத்து மாத்தியிருந்தா பிரச்சினை தீந்திருக்குமாடா?" என்று அக்கா கேட்டார்.

அங்கிளின் ஊகம் சரியென்றால் தீர்ந்திருக்காது. புது மதர்போர்டு, புதுப் பிராசசர், புது மெமரி எல்லாம் வந்திருக்கும். பழைய பவர் சப்ளை மட்டும் அதே இடத்தில் இருந்திருக்கும். அடுத்த வாரம், தாக்கல் செய்ய வேண்டிய நாளை ஒட்டி, பிரிண்டர் சூடேறும்போது புதுக் கணினியும் பட்டென்று அணைந்திருக்கும். இதைச் சொன்னதும் அக்கா கரண்டியை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது மெமரியில் ஒரு பிழைகூட இல்லை. இப்போது அங்கிள் மல்ட்டிமீட்டரை எடுத்தார். பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பியில் அளந்தால் 11.7 காட்டியது. பிராசசருக்கு முழு வேலை கொடுத்தால் 11.5. விதிப்படி 5 விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி. கணக்குப்படி இது தேர்ச்சி.

"பார்த்தீர்களா? இதோடு நிறுத்தினால் 'பவர் சப்ளை நல்லது' என்று எழுதிக் கொடுத்துவிடலாம்," என்றார். மல்ட்டிமீட்டர் மெதுவானது. சில மில்லி விநாடி மட்டும் விழுந்து எழும் வோல்ட்டேஜை அது காட்டாது. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனையும் அப்படித்தான். பவர் சப்ளை எழுகிறது என்பதை மட்டும் சொல்லும். பாரம் ஏறும்போது தாங்குமா என்பதைச் சொல்லாது.

எனவே நோயை அவர் வரவழைத்துப் பார்த்தார். கடையில் இருந்த பழைய லேசர் பிரிண்டரை, அக்காவின் கணினி இருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில் சொருகினார். தன்னுடைய சோதனைக் கணினி ஒன்றையும் அதிலேயே சொருகினார். இரண்டு கணினிக்கும் முழு வேலை கொடுத்துவிட்டு, பிரிண்டருக்குப் பக்கங்களை அனுப்பினார். மூன்றாவது பக்கம் வெளியே வரும்போது அக்காவின் கணினி பட்டென்று அணைந்தது. பக்கத்தில் இருந்த கணினி அசையவில்லை. பொத்தான் கம்பி கழற்றியே இருந்தது. அதனால் பொத்தானும் விடுதலை.

அடுத்து, நல்லதென்று தெரிந்த ஒரு பவர் சப்ளையை வெளியே வைத்தபடியே அக்காவின் கணினியில் பொருத்தினார். அதே எக்ஸ்டென்ஷன், அதே பிரிண்டர். 40 பக்கம் அச்சானது. அணையவில்லை. எனக்கு இதுவே போதுமென்று தோன்றியது. அவருக்குப் போதவில்லை. பழைய பவர் சப்ளையைத் திரும்பவும் மாட்டினார். இந்த முறை ஐந்தாவது பக்கத்தில் அணைந்தது.

"புதியதைப் போட்டதும் சரியாகிவிட்டால் அது தற்செயலாகவும் இருக்கலாம். எங்கோ தளர்ந்திருந்த கம்பி கழற்றி மாட்டும்போது சரியாகப் பொருந்தியிருக்கும். பழையதைப் போட்டதும் நோய் திரும்பி வருகிறதா, அதைப் பார்க்கணும்," என்றார்.

பவர் சப்ளையைத் திறந்து காட்டுவாரா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கலாம். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பதிலாக விசிறி வலை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய ஒரு கெப்பாசிட்டரின் தலை, உப்பிய பூரி மாதிரி இருந்தது.

அக்கா தயங்கித் தயங்கி, "இது அப்பவே மட்டமான சாமானா?" என்று கேட்டார். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அங்கிளுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை. அவர் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "450 வாட். அந்த நாளில் நல்ல சாமான். இந்த வெக்கையில் ஏழு வருடம் ஓடியிருக்கிறது. வாங்கினவர் தெரிந்துதான் வாங்கியிருக்கிறார்," என்றார்.

புதுப் பவர் சப்ளை, 550 வாட், 95 வெள்ளி. சோதனைக்கு 25 வெள்ளி. மொத்தம் 120. பழைய கம்பிகள் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கழற்றி மாட்டும் வகைக் கம்பிகளைப் பழையதும் புதியதுமாகக் கலக்கவே கூடாது என்றார். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், வன்தட்டு எரிந்துபோகலாம். கணக்கெல்லாம் அந்த வன்தட்டில்தான் இருக்கிறது என்பதால் அக்கா இதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். ரசீதில் என்ன பழுது, என்ன மாற்றம் என்று எழுதி வாங்கினோம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்ட' விதிகளின்படி, வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் ரசீது இருந்தால்தான் பேச்சு.

சிம் லிம் ஸ்குவேர் வரை போக முடியாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. முதல் வேலை, அக்கா செய்த வேலை: எழுதிவையுங்கள். தேதி, மணி, கணினியில் என்ன ஓடியது என்பதோடு, வீட்டில் வேறு என்ன ஓடியது என்பதையும் எழுதுங்கள். பிரிண்டர், மைக்ரோவேவ், குளிரூட்டி, பக்கத்து அறைப் பிள்ளை எல்லாமே கணக்கில் வரும். இரண்டாவது, கணினியை எக்ஸ்டென்ஷனிலிருந்து எடுத்துச் சுவரில் நேரடியாகச் சொருகிச் சில நாள் பாருங்கள். லேசர் பிரிண்டருக்கு எப்போதுமே தனிச் சுவர்ப் பிளக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, தூசியைத் தட்டி, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று கவனித்து, சூட்டை அளக்கும் இலவச நிரலால் அளந்து பாருங்கள். நான்காவது, இரண்டு மெமரித் துண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றி, மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் போகும்போது 'என்ன மாற்ற வேண்டும்' என்று கேட்பதைவிட, 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்று கேட்பது நல்லது. நோயைத் தன் மேசையில் வரவழைத்துக் காட்டுகிறவர் நம்பத் தகுந்தவர். ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிறவரிடம், இன்னொரு கடையில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பலாம். சிம் லிம் ஸ்குவேரில் அந்த இன்னொரு கடை அடுத்த கதவிலேயே இருக்கும். இணையத்தில் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் இந்த நாளிலும் அந்தக் கட்டடத்துக்கு வேலை இருப்பது இதனால்தான். உதிரிபாகம் வீட்டுக்கே வந்துவிடும். எந்தப் பாகம் என்று சொல்லும் ஆளைத் தேடித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

மேசை அறையின் கதவைக் கழற்றிவிட்டோம். பிரிண்டர் கூடத்து மூலையில் தனிப் பிளக்குக்குப் போய்விட்டது. அக்கா 28ஆம் தேதியே நான்கு வாடிக்கையாளர்களின் கணக்கையும் தாக்கல் செய்துவிட்டார். 555 புத்தகத்தை அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. அந்தச் சனிக்கிழமையிலிருந்து மாதக் கடைசி வரை ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு எதிரே ஒரு 0. அடுத்த பக்கத்தில் மீன், தக்காளி, கறிவேப்பிலை விலை தொடங்குகிறது. 95 வெள்ளி ரசீதை அத்தானின் விலைப்பட்டியலோடு சேர்த்துக் குத்தி, அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.